முள் எப்போது ஏறுகிறது?

சித்ரா பௌர்ணமி அன்று மாலை, திண்டிவனத்திலிருந்து வல்லம் பக்கமாகச் செஞ்சி வழியே திருவண்ணாமலை போகும் சாலையில் பேருந்தும் வேனும் காரும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு ஊர்ந்துபோகும். கிரிவலக் கூட்டம். சாலையோரப் புளியமரத்தடியில் ஆங்காங்கே பானெட்டைத் தூக்கிவைத்தபடி நிற்கும் கார்களில் பெரும்பாலானவை 15, 20 வயதைக் கடந்த குடும்பக் கார்களாக இருக்கும். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு இதேபோல் கூட்டம் திரளும். மாதம் இரண்டு முறை இந்த வட்டாரத்து மெக்கானிக்குகளுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது.

நின்றுபோன காரின் சொந்தக்காரர் சொல்வது அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்: “சென்னையிலேருந்து 90-ல வந்தோம்ணே, ஹீட்டு முள்ளு அசையவே இல்ல. இங்க வந்து உருட்டுறப்பதான் ஏறிடுச்சி.” அவர் ஏதோ புலம்புவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழுது எங்கே இருக்கிறது என்பதில் பாதியை அவரே சொல்லிவிட்டார். பழைய காரின் இன்ஜின் சூடேறும்போது ‘எவ்வளவு ஏறியது’ என்பதைவிட ‘எப்போது ஏறியது’ என்று கேட்பதுதான் முக்கியம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர், அதாவது 54 யூனிட்டை எரிக்கிறது. இதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கால் பங்கு, மிஞ்சிப்போனால் 30 சதவீதம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியாகப் புகையோடு போய்விடும். இன்னொரு மூன்றில் ஒரு பங்கை ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும். அது 18 கிலோவாட். போர் மோட்டார் வாங்கிப் பழகியவர்களுக்குப் புரியும்படி சொன்னால் 24 எச்.பி. ஓய்வே இல்லாமல் இந்த வெப்பம் காருக்கு முன்பக்கம் இருக்கும் அந்தத் தகட்டு அடுக்கு வழியாகக் காற்றில் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வேகமாகப் போகும்போது வெப்பம் அதிகம் பிறக்கிறது, எதிர்க்காற்றும் அதிகம் கிடைக்கிறது. ஊர்ந்து போகும்போது வெப்பம் குறைவுதான். ஆனால் காற்றே இல்லை. ஃபேன் சுற்றினால்தான் உண்டு. ஆகவே நெடுஞ்சாலையில் சும்மா இருந்த முள் நெரிசலில் ஏறினால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று வரிசையாகப் பார்த்து வரலாம். ஏ.சி.க்குச் சுற்றுகிறது, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் சந்தேகம் வெப்பத்தை உணரும் சுவிட்ச் மேல் விழுகிறது. சில நூறு ரூபாயில் முடிகிற இந்த வேலைக்கு ரேடியேட்டரையே மாற்றச் சொல்லும் இடங்களும் உண்டு.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஊருக்குள் ஒழுங்காக ஓடுகிறது, புறவழிச் சாலையில் 80-ஐத் தாண்டினால் முள் மெல்ல ஏறுகிறது, வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. இங்கே ஃபேன் குற்றவாளி இல்லை. காற்று போதுமான அளவு வருகிறது. பெரும்பாலும் வெப்பத்தை ரேடியேட்டர் வரை சுமந்து வரும் நீரோட்டத்தில்தான் அடைப்பு. ரேடியேட்டரின் உள் குழாய்கள் தூர்ந்திருக்கலாம், வாட்டர் பம்ப் இறக்கை அரித்துப்போயிருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சும் விசையில் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெளிப்பக்கத் தகடுகளுக்கு நடுவே வைக்கோல் தூசியும் பூச்சியும் அடைந்திருப்பதும் உண்டு. செஞ்சிப் பக்கம் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காயவைக்கிறார்கள், கதிரைப் போட்டு வண்டியை ஏற்றி அடிக்கிறார்கள். அந்தத் தூசி எல்லாம் போய் உட்காருவது ரேடியேட்டர் முகத்தில்தான்.

கத்திரி வெயில் இதில் என்ன செய்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. ரேடியேட்டர் வெளியே தள்ளும் வெப்பம், உள்ளே இருக்கும் நீருக்கும் வெளிக் காற்றுக்கும் இடையே உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. நீர் 95 டிகிரி, காற்று 30 டிகிரி என்றால் வித்தியாசம் 65. காற்று 42 டிகிரி ஆனால் வித்தியாசம் 53. ரேடியேட்டரின் திறன் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கன்டென்சர் வேறு காற்றைச் சுடவைத்து அனுப்புகிறது. மார்கழியில் தெரியாத அடைப்பு சித்திரையில் தெரிவது இதனால்தான். பழுது புதிதாக வரவில்லை. மாதக்கணக்காக உள்ளேயே இருந்தது.

இந்தச் சாலையில் ஓடும் பழைய கார்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவற்றில் பல தமிழ்நாட்டிலேயே பிறந்தவை. ஃபோர்டு ஐகான் மறைமலை நகரில் தயாரானது. ஹூண்டாய் அக்சென்ட் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில். இரண்டும் 1999-இல் சந்தைக்கு வந்தன. மிட்சுபிஷி லான்சர் திருவள்ளூரில் தயாரானது. அதற்கெல்லாம் முன்பே, 1961 முதல், சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. ஐகான், அக்சென்ட் தலைமுறைக் கார்களில் கணிசமானவை நகரத்தில் இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் வல்லம் போன்ற ஊர்களில் வந்து நிலைத்திருக்கின்றன. பெண் பார்க்கப் போக, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ நோயாளியை அழைத்துப்போக, கல்லூரியில் பிள்ளையைக் கொண்டுபோய்விட என்று வீட்டுக்கு ஒரே வண்டி அதுதான். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அதைக் கட்டியும் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தக் கார் அவர்களுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பது விளங்கும்.

இந்தக் கார்களைப் பராமரிக்கும் பழக்கவழக்கங்கள் மட்டும் இன்னும் பழைய காரிடமிருந்து வந்தவையாக இருக்கின்றன. அந்தக் கார் அம்பாசிடர். 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அந்தக் காரில் பல்லாண்டுகள் இருந்தது 1,489 சி.சி. இன்ஜின். பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. குதிரைத்திறன் 50-ஐ ஒட்டி. சூடேறினால் ஓரங்கட்டுவார்கள், ஆறவிடுவார்கள், வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கைப்பிடி மஞ்சள்தூளைப் போடுவார்கள். அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட் தொல்லை கொடுத்தால் கழற்றி எறிந்துவிடுவார்கள். இத்தனைக்கும் அந்த இரும்பு இன்ஜின் தாங்கியது. அக்சென்ட் இன்ஜினும் அதே ஒன்றரை லிட்டர்தான், 1,495 சி.சி. ஆனால் அது 90 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது, ஹெட் அலுமினியம். அம்பாசிடருக்குச் செய்த வைத்தியத்தை அப்படியே இதற்கும் செய்வதில்தான் நல்ல நிலையில் இருக்கும் பல இன்ஜின்கள் வீணாகப் பாழாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். செஞ்சி வட்டாரம் பாறை நிலம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று கோட்டை மதில் ஏறி நிற்கும் அந்த மூன்று குன்றுகளை வெயிலில் நின்று பார்த்தாலே அது புரியும். பாறை இடுக்கில் ஊறிவரும் போர்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். கடினநீர். நீரில் கரைந்து கிடக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானால் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் அதிகம் கரையும். இது மாறானது, சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். அதனால் இன்ஜினுக்குள் எந்த இடம் மிக அதிகம் கொதிக்கிறதோ, சரியாக அந்த இடத்தைத் தேடிப்போய்ப் படிகிறது: எக்சாஸ்ட் வால்வுகளைச் சுற்றி ஹெட்டுக்குள் ஓடும் குறுகிய நீர்வழிகளில்.

அந்த வெள்ளைப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ 25 மடங்கு மட்டம். அதாவது ஒரு மில்லிமீட்டர் படிவு, ஓர் அங்குல இரும்புச் சுவரைக் கூடுதலாக வைத்ததற்குச் சமம். ரேடியேட்டர் புதிது, ஃபேன் சுற்றுகிறது, பம்ப் ஓடுகிறது, இருந்தும் ஹெட் கொதிக்கிறது என்று மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வண்டிகளில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவசரத்துக்கு ஒரு முறை போர்த் தண்ணீர் ஊற்றியதால் இன்ஜின் கெட்டுவிடாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் என்று வைத்துக்கொள்வோம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை உள்ள நீரைக் குடிக்கவே இந்திய தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அந்த நீர் 6 லிட்டர் ஊற்றினால் உள்ளே போகும் உப்பு 3 கிராம். அது படிந்து முடிந்ததும் கதை முடிந்தது. நீர் குறையும் காருக்குத் தினம் அரை லிட்டர் ஊற்றிக்கொண்டே இருப்பதில்தான் ஆபத்து. ஆவியாகப் போவது நீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கும். ஓராண்டில் 180 லிட்டருக்கு மேல் ஆகிறது. 90 கிராம் சுண்ணாம்பு. ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பைத் தெரிந்தே இன்ஜினுக்குள் கொட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ‘தினம் கொஞ்சம் தண்ணி குறையுது, ஊத்திக்கிறேன்’ என்பது பராமரிப்பு அல்ல. குறைகிற நீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பராமரிப்பு.

தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காரணத்தைத்தான் பலர் தவறாகச் சொல்கிறார்கள். கூலன்ட் தண்ணீரைவிட அதிகமாகக் குளிரவைக்காது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்சிய சாதாரணத் திரவம் இல்லை. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கலந்தால் அந்தத் திறன் கொஞ்சம் குறையவே செய்கிறது. கூலன்டின் வேலை வேறு. கொதிநிலையை உயர்த்துவது ஒன்று. அதைவிட முக்கியம், அதில் சேர்க்கப்பட்டிருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். அலுமினியம், இரும்பு, பித்தளை, ஈயப்பற்று என்று வெவ்வேறு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்து கிடந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். அதில் முதலில் கரைவது அலுமினியம். தடுப்பான்கள் உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் அமைக்கின்றன. அவை நாளடைவில் தீர்ந்துபோகும் என்பதால்தான் நிறம் நன்றாக இருந்தாலும் காலக்கெடு முடிந்ததும் கூலன்டை மாற்றச் சொல்கிறார்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது அந்தந்தக் கம்பெனி போடும் சாயம். நிறத்தைப் பார்த்து ரகத்தை முடிவு செய்யக் கூடாது. உள்ளே இருப்பது என்ன என்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்புவது நல்லது. அடர்த்தியான கூலன்ட் வாங்கினால் கலக்க வேண்டியது பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்.

வடித்த பழைய கூலன்டை வாய்க்காலிலோ தெருவிலோ விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாயும் ஆடும் நக்கிவிடும், குழந்தை கை வைத்துவிடும். சிறுநீரகத்தைப் பழுதாக்கி உயிரையே எடுக்கும் பொருள் அது.

அடுத்து ரேடியேட்டர் மூடி. வீட்டுக் குக்கரின் குண்டு செய்யும் வேலையைத்தான் இது செய்கிறது: உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பார்கள். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அத்தனை ‘பார்’ அழுத்தம் வரை அது திறக்காது. 0.9 மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து, பக்கத்திலிருக்கும் டப்பா வழியாகப் பொங்கி வெளியேறும். மூடிக்குள் எதிர்த் திசையில் திறக்கும் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது நீர் சுருங்கும். அப்போது டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்ச விடுவது அதுதான். காலையில் பானெட்டைத் திறக்கும்போது மேல் ஹோஸ் நசுங்கி ஒட்டிக் கிடந்தால் அந்த வால்வு சிக்கிக்கொண்டது என்று பொருள். ஹோஸை மாற்றிப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும்.

சூடான இன்ஜினில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் அதே இயற்பியல்தான் காரணம். 110 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கும் நீர், மூடி கழன்ற கணத்தில் ஆவியாக வெடித்துக் கிளம்பும். முகமும் கழுத்தும் வெந்துவிடும். துணியைப் போட்டுத் திறந்தாலும் இதே கதிதான். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்க்கும்போது அது தளர்வாக, கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி தெர்மோஸ்டாட். செஞ்சியில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இந்த உரையாடலைக் கேட்கலாம்.

“அண்ணே, வண்டி ஹீட் ஆவுது.”

“தெர்மோஸ்டாட்ட கழட்டி உட்டுடறேன் தம்பி. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் கதவு. அதற்குள் ஒரு சிறிய பித்தளைக் குப்பியில் மெழுகு இருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய முறை இது. மெழுகு உருகும்போது விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், கதவு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். எந்த வெப்பநிலையில் திறக்கத் தொடங்கும் என்பது அதன் உதட்டிலேயே 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும்.

வெயில் நாட்டில் இது எதற்கு என்றால், வெளியே 42 டிகிரி இருந்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். அது 90 டிகிரியில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி, ஆயிலின் கனம், பெட்ரோல் ஆவியாகும் வேகம் எல்லாம் அந்த வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் ஒரு துளிப் பங்கு ரிங் இடுக்கு வழியே ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். இன்ஜின் முழுச் சூட்டில் இருந்தால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். அரைச் சூட்டில் இருந்தால் ஆயிலோடு தங்கி, அமிலத்தோடு சேர்ந்து களியாகும். ஊரிலிருந்து செஞ்சி கடைத்தெருவுக்குப் போய்வரும் சில கிலோமீட்டர் ஓட்டத்தில், தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டை எட்டுவதே இல்லை.

2000-க்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. கார்களில் இன்னொரு நட்டமும் சேர்கிறது. இன்ஜின் நீரின் வெப்பத்தை ஒரு சென்சார் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. குளிராக இருக்கிறது என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிப் பாய்ச்சும். தெர்மோஸ்டாட் இல்லாத காரில் அது நீண்ட நேரம் ‘இன்னும் விடியவில்லை’ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மைலேஜ் குறைகிறது, பிளக் கருக்கிறது, புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு கூடுகிறது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. ஓரிரு ஆண்டில் ‘போர் இறங்கிடுச்சி, ஆயில் அடிக்குது’ என்று இன்ஜின் இறக்கும் செலவுக்கு வந்து நிற்கும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலைக்கும் இந்தத் தேய்மானத்துக்கும் உறவு உண்டு என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு கூடவும் செய்யும். அதன் அடிப்பக்கத் தட்டு, திறக்கும்போது பைபாஸ் வழியை மூடுமாறு அமைந்திருக்கும். அது இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிநீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மெக்கானிக்கைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் சில நிமிடங்களில் இன்ஜினைக் கொன்றுவிடும். ராத்திரி பத்து மணிக்கு, குடும்பத்தோடு நடுவழியில் நிற்பவரிடம் ‘நாளைக்குத் திண்டிவனத்தில் பார்ட்ஸ் வாங்கிவாருங்கள்’ என்று சொல்ல முடியாது. கழற்றிவிட்டு வீடு போய்ச் சேரவைப்பது அந்த நேரத்தில் சரியான முடிவுதான். அடுத்த வாரம் புதிதைப் போட மறந்துவிடுவதில்தான் தவறு. பழையது நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டர் ஒன்றையும் போட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். பொறித்திருக்கும் எண்ணுக்கு ஒன்றிரண்டு டிகிரி முன்பின்னாகத் தட்டு மெல்ல அசையும்; இன்னும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் விரல் நுழையும் அளவுக்குத் திறந்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தப் பாத்திரத்தை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இன்ஜினைக் குளிர்விப்பதில் ஆயிலுக்கும் பங்கு உண்டு. பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கும் கிராங்க் பேரிங்குக்கும் தண்ணீர் எட்டாது, அங்கே வெப்பத்தை வாங்குவது ஆயில்தான். அளவு குறைந்த ஆயில் வேகமாகச் சுற்றி வேகமாகக் கெடும். பழைய கார் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கமும் அம்பாசிடர் காலத்து மிச்சம். கையேட்டில் மெல்லிய ஆயில் சொல்லியிருந்தால் அதற்கேற்ற குறுகிய வழிகள்தான் அந்த இன்ஜினுக்குள் இருக்கும். புகையின் நிறமும் பேசும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் ஈரம்; இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-இல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. அதற்கேற்ற பொருள்களால் கார்கள் தயாராகத் தொடங்கியது 2023 ஏப்ரலில். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் இதனால் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. மைலேஜைவிட எனக்குக் கவலை ரப்பர் பற்றியது. எத்தனால் பழைய ரக ரப்பரை ஊதவைக்கும், விறைக்கவைக்கும். டேங்க் அடியில் பல்லாண்டுகளாகப் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். மேடு ஏறும்போது மட்டும் வண்டி திக்கினால், மிஸ்ஸிங் அடித்தால், முதலில் ஃபில்டரைப் பாருங்கள். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் அதே நாளில் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிவிட வேண்டும். பக்கத்திலேயே எக்சாஸ்ட் குழாய் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கிறது. தீப்பிடிக்க ஒரு சொட்டுப் போதும்.

முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் என்ன செய்வது? ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர். ஓரங்கட்டும் வரை அது இன்ஜினிலிருந்து கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நிறுத்தியதும் இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட்டில் விரிசல் விழும். இன்னொரு எச்சரிக்கையையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பில் நின்ற முள் திடீரென்று தானாக இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். வெப்பத்தை அளக்கும் சென்சார் நீரில் நனைந்திருக்கும் வரைதான் சரியாகச் சொல்லும். நீர் மொத்தமும் போய்விட்டால் அது ஆவியில் தொங்கிக்கொண்டு குறைவான எண்ணைக் காட்டும். ஓட்டுநர் ‘சரியாகிவிட்டது’ என்று ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். ஹெட் வளைவது அந்தச் சில கிலோமீட்டரில்தான்.

வளைவது என்றால் எவ்வளவு? அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 40 செ.மீ. நீளமுள்ள ஹெட் வழக்கத்தைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அது கிட்டத்தட்ட 0.9 மி.மீ. நீளப் பார்க்கும். அதன் அடியிலிருக்கும் இரும்பு பிளாக் அதே சூட்டில் அதில் பாதிதான் நீளும். போல்ட்டுகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நீள வழியில்லாத அலுமினியம் நடுவில் மேலெழும்பும், ஆறிய பிறகும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. நடுவிலுள்ள கேஸ்கெட் பிடி தளர்ந்து, எரிந்த வாயு நீர்வழிக்குள்ளும் கூலன்ட் சிலிண்டருக்குள்ளும் புகும். ரேடியேட்டரில் குமிழி வரும், காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக விறைக்கும், எங்கும் ஒழுக்கு தெரியாமல் கூலன்ட் குறையும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் களி தெரிந்தால் நீரும் ஆயிலும் கலந்துவிட்டன.

அந்த நிலையில் ஹெட்டைக் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். புதுக் கேஸ்கெட்டை வைத்து மூடுவதற்கு முன், ஹெட்டின் அடிப்பரப்பின் மேல் நேரான எஃகுச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களுக்கு அனுமதிக்கும் வளைவு 0.05 மி.மீ.யை ஒட்டித்தான், ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்டாது; அதற்கு மேல் இருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி ஃபேஸிங் செய்ய வேண்டும், கையேடு சொல்லும் அளவுக்கு மேல் சீவக் கூடாது. வளைந்த ஹெட்டின் அடியில் எவ்வளவு நல்ல கேஸ்கெட்டை வைத்தாலும் அது நிற்காது. போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றுகளாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். சில இன்ஜின்களின் ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீள்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை மறுபடி பயன்படுத்தாமல் புதிது வாங்கித்தான் போட வேண்டும்.